முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போகுமா? போளூர் ஓடையிலிருந்து ஒரு நீண்ட இழை



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரத்தில் இருக்கிறவங்க சேமிச்சு வெச்சு ராத்திரி படிங்க.

ஓ.பி.யில் நான் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "சார், முட்டைக்கோஸ்ல இருக்கிற புழு மூளைக்குப் போயிடுமாமே? எங்க வீட்டுல வாங்குறதையே நிறுத்திட்டோம்." படிச்சவங்க, படிக்காதவங்க என்ற வித்தியாசமே இதில் கிடையாது. வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்து, "மூளையில் ஒரு சின்னக் கட்டி மாதிரி தெரியுது, நாடாப்புழு முட்டையால வந்தது" என்று சொன்னால் போதும். அம்மா உடனே அப்பா பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, முட்டைக்கோஸ் வேண்டாம்னு" என்பார்.

புழு உண்மை. மூளைக்குப் போவதும் உண்மை. முட்டைக்கோஸ் மேல் போட்ட பழிதான் பொய்.

இலைக்குள்ள சுருண்டு கிடக்கிற அந்தப் பச்சைப் புழு ஒரு அந்துப்பூச்சியோட குஞ்சு. அது உங்க மூளைக்கெல்லாம் போகாது. வெந்தால் செத்துப்போகும், அவ்வளவுதான். மூளைக்குப் போறது கண்ணுக்கே தெரியாத நாடாப்புழு முட்டை. அந்த முட்டை முட்டைக்கோஸில் விளையறது இல்லை. ஏதோ ஒரு மனுஷன் வயித்துல இருந்து, மலம் வழியா வெளியே வந்து, தண்ணி வழியாவோ கை வழியாவோ இலைமேல வந்து ஒட்டினது.

அப்போ கேள்வி மாறுது இல்லையா? காயில் புழு எப்படி வந்ததுன்னு கேட்கறதை விட, காய் விளையற காட்டில் வேலை செய்யறவங்க எங்கே ஒதுங்குறாங்க, எதுல கை கழுவுறாங்கன்னு கேட்கணும். விவசாயக் கூலிகளுக்குச் சுகாதாரம் கற்றுக்கொடுக்கிற முயற்சிக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதில் நம்ம தமிழ் ஜனங்களும் இருக்காங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

போளூரில் இருந்து ஆரம்பிக்கிறேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் இல்லைங்க, இது பழனி மலையில் இருக்கிற போளூர். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேலே போய்க்கிட்டே இருந்தால், பூண்டி, கிளாவரை பக்கம் வரும். கேரட், உருளை, பீன்ஸ், முட்டைக்கோஸ், மலைப்பூண்டு. படிக்கட்டு மாதிரி வெட்டின காடுகள். காலையில் பனி விலகும்போது பார்த்தால் ஊருக்குத் திரும்பவே மனசு வராது.

சில வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். வந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே தொந்தரவு, நீர்க்கடுப்பு. ஒரு அக்கா சொன்னாங்க: "காலைல காட்டுக்குள்ள இறங்குனா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோம் சார். குடிச்சா ஒதுங்கணும்ல." நான் என்ன செஞ்சேன்? மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "தண்ணி நிறைய குடிங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பினேன். அவங்க சொன்னது என் காதுல விழுந்தது, ஆனா ஏறலை.

மதியம் அதே இடத்தில் இன்னொரு நிகழ்ச்சி. காய்கறி பறிக்கிறவங்களுக்குச் சுகாதாரப் பயிற்சி. ஒரு இளைஞர் பெரிய படத்தை மாட்டி, சோப்பு போட்டு இருபது நொடி எப்படிக் கை கழுவணும்னு ரொம்ப அக்கறையா விளக்கினார். எல்லாரும் கைதட்டினாங்க. அப்போ பின்வரிசையில் இருந்து ஒரு வயசான அம்மா எழுந்தாங்க.

"எல்லாஞ் சரிதான் தம்பி. தண்ணிக்கு எங்க போறது? இந்த ஓடையிலதான் நாங்களும் கை கழுவுறோம், கேரட்டையும் கழுவுறோம். மேல காட்டுமாடும் அதுலதான் நின்னு குடிக்குது. எந்தத் தண்ணியில இருபது நொடி?"

அந்தத் தம்பிகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பழைய கதைகளைப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அந்த நாடாப்புழு கதையை முடிச்சிடறேன்.

1855-இல் ஜெர்மனியில் குக்கென்மைஸ்டர் என்ற மருத்துவர் ஒரு பரிசோதனை பண்ணினார். இன்னைக்குச் செஞ்சால் ஜெயிலில் போட்டுடுவாங்க. மரண தண்டனைக் கைதி ஒருவரோட சாப்பாட்டில், அவருக்கே தெரியாமல், பன்றி இறைச்சியில் இருக்கிற நீர்க்கட்டிப் புழுக்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறின பிறகு குடலைத் திறந்து பார்த்தால் குட்டி நாடாப்புழுக்கள். பன்றிக் கறியில் இருக்கிற கட்டிதான் மனுஷன் குடலில் நாடாப்புழு ஆகுதுன்னு நிரூபணம் ஆச்சு.

கவனிங்க, இது பாதி வட்டம்தான். சரியா வேகாத பன்றிக் கறி தின்னால் குடலில் புழு வரும். அந்தப் புழு உள்ளவரோட மலத்தில் முட்டை வரும். அந்த முட்டையை யார் விழுங்கினாலும், அவர் பன்றிக் கறியைக் கையால்கூடத் தொடாத சுத்த சைவமா இருந்தாலும், குஞ்சு குடலைத் துளைச்சு ரத்தத்தில் ஏறி மூளையில் போய் உட்காரலாம். சைவக்காரருக்கு இந்த நோய் எப்படி வருதுன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

1930-களில் லண்டன் ராணுவ மருத்துவமனையில் மக்கார்தர் என்ற ராணுவ மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனிச்சார். நல்ல திடகாத்திரமான சிப்பாய்களுக்குத் திடீர்னு வலிப்பு. சிலருக்கு ஊர் திரும்பிப் பல வருஷம் கழிச்சு. மனநோய்னு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்களும் அதில் இருந்தாங்க. எல்லாருக்கும் பொதுவா இருந்தது ஒண்ணுதான்: இந்தியாவில் வேலை பார்த்தவங்க. 1961-இல் இப்படி 450 பேரோட கதையைத் தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அறிக்கையே போட்டுது. நம்ம ஊருக்கு வந்தால், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த மாவட்டத்தில் செஞ்ச ஆய்வு 2006-இல் வெளியாச்சு. தொடர்ந்து வலிப்பு இருந்தவங்களில் ஏறக்குறைய மூணில் ஒருத்தருக்குக் காரணம் இந்தப் புழுதான். ஏதோ அபூர்வ நோய்னு இதை நினைச்சுடாதீங்க.

சரி, இப்போ கொடைக்கானலுக்கு வருவோம். அந்த ஊர் பிறந்ததே இந்த மாதிரி ஒரு பயத்தில்தான். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷன்காரங்க காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, குளிர்ச்சியான இடம் தேடி மலையேறி, 1845-இல் ரெண்டு பங்களா கட்டினாங்க. அதுதான் ஆரம்பம். காலரா தண்ணி வழியாப் பரவுதுன்னு லண்டனில் ஜான் ஸ்னோ காட்டினது அதுக்குப் பிறகுதான், 1854-இல். அதாவது எதுக்குப் பயந்து ஓடுறோம்னு தெரியாமலே ஓடிவந்து உண்டாக்கின ஊர். அவங்க பின்னாடியே, நாம இன்னைக்கும் சந்தையில் "இங்கிலீஷ் காய்"ன்னு சொல்ற கேரட்டும் கோஸும் பீட்ரூட்டும் மலையில் வேர் பிடிச்சுது. கீழே இருந்து நோய்க்குத் தப்பி மேலே போனவங்களோட காய், இப்போ மேலே இருந்து ஒட்டன்சத்திரம், மதுரைன்னு கீழே வருது. நோயும் கூடவே வருமா என்பதுதான் நம்ம விஷயம்.

தொழிலாளிகளுக்குச் சுகாதாரம் கற்றுக்கொடுத்த முதல் பெரிய முயற்சிகளில் ஒண்ணு, தமிழர்கள்மேல நடந்தது. ஆனா நம்ம மலையில் இல்லை, கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில்.

அப்போதைய வில்லன் கொக்கிப்புழு. இது சாப்பாடு வழியா வர்றதைவிட, வெறும் கால் தோல் வழியாத்தான் அதிகம் வரும். இதைக் கண்டுபிடிச்ச கதை சுவாரசியமானது. கெய்ரோவில் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர், 1898-இல், புழுக்குஞ்சு உள்ள தண்ணியைத் தவறிக் கையில் கொட்டிக்கிட்டார். அரிப்பு எடுத்துது. சில வாரம் கழிச்சு அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை! மண்ணில் மலம், மண்மேல வெறுங்கால், அப்புறம் குடலில் ரத்தம் குடிக்கிற புழு, ரத்தசோகை. தோட்டத்தில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிற ஒரு தமிழச்சிக்கு இது என்ன பண்ணியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, ஏறமுடியாத மேட்டில் கூடையோட ஏறணும். அவங்களைத்தான் சோம்பேறின்னு திட்டினாங்க.

ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-இல் மாத்தளைப் பக்கம் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிச்சு. அதுக்கு முன்னாடி 1909-இல் இருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே வேலையைச் செஞ்சு பழகின கூட்டம். மருந்து கொடுத்தாங்க, கூட்டம் போட்டாங்க, புழு எப்படி வருதுன்னு பாடம் எடுத்தாங்க. மருந்து நிச்சயமா வேலை செஞ்சுது. புழு விழுந்துது. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தால் அதே ஆட்களுக்கு மறுபடியும் புழு.

ஏன்? லைனில் கழிப்பறை இல்லை. மருந்து சாப்பிட்டவர் மறுநாள் அதே மண்ணில்தான் ஒதுங்கினார், அதே மண்ணில்தான் நடந்தார். மருந்து ஒரு நாள் செலவு, கழிப்பறை முதலீடு. பல தோட்ட முதலாளிகளுக்கு முதலாவது பிடிச்சுது, ரெண்டாவது பிடிக்கலை. பழி மட்டும் "கூலிகளோட பழக்கவழக்கம்" மேல போய் விழுந்துது. இந்தியாவில் இருந்து நோயைக் கொண்டுவந்ததே இவங்கதான்னு அறிக்கைகளில் எழுதினாங்க. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்துது. அப்புறம், "தண்ணி நிறைய குடிங்கம்மா"ன்னு நான் சொன்னதும் ஞாபகம் வந்துது. கோபம் கொஞ்சம் இறங்கிச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம். தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலக்காய்த் தோட்டங்களில் குடிதண்ணியும் கழிப்பறையும் முதலாளியோட கடமைன்னு சட்டமே சொல்லிச்சு. நடைமுறை எப்படின்னு கேட்டால் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனாலும் கேட்கிறதுக்கு ஒரு சட்டம் இருந்தது. (இப்போ அது 2020-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள அடங்கிடுச்சு.)

இங்கேதான் பழனி மலை ரெண்டாப் பிரியுது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம். அங்கே ஒரு அளவுக்கு மேல பெரிய தோட்டமா இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தும். மேல்மலையில் மன்னவனூர், பூண்டி, போளூர் பக்கம் கேரட்டும் கோஸும். சட்டத்தோட பட்டியலில் காய்கறி கிடையாது. நிலமும் சின்னச் சின்னத் துண்டு. ஒரே மலை, ஒரே குளிர், ஒரே மாதிரி கூலி வேலை. காப்பிக் கொட்டை வறுபட்டு, வெந்நீர்ல வடிஞ்சு உங்க வாய்க்கு வருது. எந்தக் கிருமியும் அதில் பிழைக்காது. கேரட்டை நீங்க பச்சையாக் கடிக்கிறீங்க. எந்தப் பயிருக்குக் கழிப்பறை ரொம்ப அவசியமோ, அந்தப் பயிருக்குத்தான் சட்டத்தில் இடம் இல்லை. யாரும் சதி பண்ணலை, சட்டம் ஏற்றுமதிப் பயிரைப் பார்த்து எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் தானா வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. அங்கே வயலில் கழிப்பறை வேணும்னு கேட்டு, தொழிலாளிகள் தெருவுக்கு வந்தாங்க. கலிபோர்னியாவில் 1965-இல் தொடங்கின திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க, சீசர் சாவேஸ், லாரி இட்லியாங் எல்லாம் தலைமை தாங்கினது. அவங்க கேட்டதில் கூலி மட்டும் இல்லை, வயலில் குடிதண்ணியும் கழிப்பறையும் இருந்தது. நாடு முழுக்க ஒரே விதி வேணும்னு 1972-இல் மனு போட்டாங்க. அரசாங்கம் இழுத்துக்கிட்டே போச்சு. கடைசியில் நீதிமன்றம் காதைத் திருகின பிறகு, 1987-இல் விதி வந்தது: பதினொருத்தரோ அதுக்கு மேலேயோ கையால் வேலை செய்யற வயலில், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, கை கழுவ ஒரு இடம், அதுவும் சுமார் 400 மீட்டர் நடைக்குள்ள. நிலாவுக்கு ஆள் அனுப்பி 18 வருஷம் கழிச்சுத்தான் கேரட் பறிக்கிறவருக்குக் கழிப்பறை கிடைச்சுது.

இந்த விதி வந்தது தொழிலாளிக்காக. சாப்பிடறவங்களுக்காக விதி வந்தது, சாப்பிட்டவங்க சாக ஆரம்பிச்ச பிறகு.

2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டவங்களில் சுமார் 600 பேருக்கு மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ. 3 பேர் இறந்தாங்க. தேடிப்போனால், பச்சையாகப் போட்ட வெங்காயத்தாள். ஹெபடைடிஸ் ஏ மாட்டுக்கோ பன்றிக்கோ வர்ற நோய் இல்லை. மனுஷ மலம்தான் மூலம்.

2006 செப்டம்பரில் பசலை மாதிரியான ஸ்பினாச் கீரை. பையில் அடைச்சு, "கழுவியது, அப்படியே சாப்பிடலாம்"னு விற்ற கீரை. ஈ.கோலை கிருமி. 26 மாநிலங்களில் 205 பேர் படுத்தாங்க, 3 பேர் செத்தாங்க, பலருக்குச் சிறுநீரகம் பழுதாச்சு.  அதே கிருமி கிடைச்சது மாட்டுச் சாணத்திலும், வயலுக்குள்ள புகுந்த காட்டுப்பன்றிகிட்டயும், பக்கத்து ஓடைத் தண்ணியிலும். போளூர் அம்மா சொன்ன அதே கதை. காட்டுமாட்டுக்குப் பதிலா காட்டுப்பன்றி, மற்றபடி அதே ஓடை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கு. ஓடையில் கொட்டிக் கழுவினால் கேரட் சுத்தமாகும்னு நாம நினைக்கிறோம். மண்ணு போகும், உண்மைதான். ஆனா ஒரே தண்ணியில் மூட்டை மூட்டையாகக் கழுவும்போது, ஒரு கேரட்டில் இருக்கிற கிருமியை ஆயிரம் கேரட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். அந்த ஸ்பினாச் பைக்குள்ள நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பல வயல் கீரை ஒண்ணாச் சேர்ந்து, கழுவி, கலந்து, நாடு முழுக்கப் போச்சு.

இதெல்லாம் சேர்ந்து 2011 ஜனவரியில் அமெரிக்காவில் புது உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ 2015-இல் காய்கனிகளுக்கான விதி. காயைத் தொடற ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலையில் சேரும்போதும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் பயிற்சி. அவங்களுக்குப் புரியற மாதிரி பயிற்சி. வயித்துப்போக்கு, காமாலை இருந்தால் காயைத் தொடக் கூடாது. நல்ல விதிதான். ஆனா ஒரு டாக்டரா எனக்கு ஒரு சந்தேகம். வயித்துப்போக்கு இருக்குன்னு சொன்னால் அன்னைக்குக் கூலி போயிடும் என்ற நிலைமையில் எத்தனை பேர் உண்மையைச் சொல்வாங்க? அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பாங்கன்னு அந்த விதி சொல்லலை.

நம்ம நாட்டுக்கு வருவோம். ஸ்பினாச் பிரச்சினை நடந்த அதே 2006-இல்தான் நம்ம உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும் வந்தது. ஓட்டல், பேக்கரி, தள்ளுவண்டி வரைக்கும் அதிகாரி வந்து பார்க்கிறாரே, அந்தச் சட்டம். அதில் 18-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு: விவசாயிக்கும், விவசாய வேலைக்கும், பண்ணையில் விளையற பயிருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

இதைப் படிச்சதும் "ஐயோ, பெரிய ஓட்டை"ன்னு கத்தணும்னு தோணும். நான் கத்த மாட்டேன். ஒரு ஏக்கர் கேரட் போட்டவர் வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்னால் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அமெரிக்கச் சட்டமே வருஷத்துக்கு 25,000 டாலருக்குக் குறைவா விற்கிற சின்னப் பண்ணைகளை விட்டுவிடுது. விலக்கு கொடுத்தது சரிதான். விலக்கு கொடுத்த இடத்தில் உதவியையும் சேர்த்தே விலக்கிட்டோம் என்பதுதான் என் வருத்தம். வெளிநாட்டுக்குப் போற திராட்சைக்குச் சான்று, பயிற்சி, தண்ணிப் பரிசோதனை எல்லாம் உண்டு, ஏன்னா வாங்குறவன் கேட்கிறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போற மூட்டைக்கு யாரும் கேட்கலை. நீங்களும் கேட்கலை, நானும் கேட்கலை. நாம கேட்டதெல்லாம் "கிலோ எவ்வளவு?"

2014-க்கு அப்புறம் ஊர் ஊரா வீட்டுக் கழிப்பறை கட்டினாங்க. பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனா காலை முதல் சாயங்காலம் வரைக்கும் அந்த அக்கா இருக்கிறது வீட்டில் இல்லையே. காட்டில்.

இப்போ எங்க டாக்டர் சாதியோட மானத்தை நானே வாங்கறேன். "படிப்பறிவு இல்லாத ஜனம், எவ்வளவு சொன்னாலும் கை கழுவ மாட்டாங்க"ன்னு பேசறவங்களுக்காக.

ஜெனீவாவில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை. 1994-இல் மருத்துவர்களும் செவிலியர்களும் கை கழுவ வேண்டிய நேரத்தில் உண்மையிலேயே கழுவறாங்களான்னு நின்னு எண்ணிப் பார்த்தாங்க. 48 சதவீதம். பாதிகூட இல்லை! கிருமின்னா என்னன்னு ஐந்தாறு வருஷம் படிச்ச கூட்டம் இது. பயிற்சி குறைவா? கிடையாது. ஓயாத வேலை, வாஷ்பேசின் தூரத்தில், ஒவ்வொரு தடவையும் நடந்து போய்க் கழுவிட்டு வர நேரமில்லை. டிடியே பிட்டே என்ற மருத்துவர் குழு என்ன செஞ்சாங்கன்னா, போஸ்டரும் ஒட்டினாங்க, ஆனா முக்கியமா, கையில் தேய்க்கிற ஆல்கஹால் திரவத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வெச்சாங்க. 1997-இல் 66 சதவீதம் ஆச்சு. மருத்துவமனையில் தொற்றும் குறைஞ்சுது. கொரோனா காலத்தில் நீங்க பாக்கெட்டில் வெச்சிருந்த சானிடைசர் புகழ் பெற்றது இந்த வேலையாலதான்.

டாக்டருக்குப் பத்தடி தூரத்து வாஷ்பேசினே அதிகமாகத் தெரிஞ்சுது. போளூர் அம்மாவுக்கு வாஷ்பேசினே கிடையாது. யாரைப் பார்த்து யார் படிப்பறிவு இல்லைன்னு சொல்றது?

காட்டு மண் அப்பின கைக்குச் சானிடைசர் சரிவராது, அதையும் சொல்லிடறேன். அழுக்குக் கையில் அது வேலை செய்யாது. அங்கே சோப்பும் ஓடுற தண்ணியும்தான் வேணும். குழாய் வெச்ச ஒரு பிளாஸ்டிக் டிரம்மை மேட்டில் நிறுத்தினாலே ஒரு காட்டுக்குப் போதும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் காய்கறி விளைவிக்கிறவங்களுக்கு ஐந்து விஷயம் சொல்லிச்சு. தன் சுத்தம், வயலில் விலங்குக் கழிவு சேராமல் பார்ப்பது, மக்காத எருவைப் போடாமல் இருப்பது, பாசனத் தண்ணியைக் கவனிப்பது, அறுவடைக் கூடை கருவிகளைச் சுத்தமா வைப்பது. ஐந்தில் ஒண்ணுதான் கூலிக்காரங்க தானே செய்ய முடிஞ்சது, அதுக்கும் தண்ணி வேணும். மீதி நாலும் நிலத்துக்காரர், வியாபாரி, ஊராட்சி கையில். பயிற்சிக்கு மட்டும் ஏன் எப்பவும் கூலிக்காரங்களையே உட்கார வைக்கிறோம்?

அந்த முகாமுக்கு அடுத்த வருஷம் மறுபடியும் போனேன். பெருசா ஒண்ணும் மாறலை. ஆனா ஒரு காட்டு ஓரத்தில், நாலு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டி, குழி தோண்டி ஒரு மறைப்பு. பக்கத்தில் ஒரு நீல டிரம், குழாயோட. குழாயில் பழைய வலைத்துண்டுக்குள்ள ஒரு சோப்பு தொங்குது. யார் செலவுன்னு கேட்டேன். நிலத்துக்காரர் டிரம் வாங்கிக் கொடுத்திருக்கார், மீதியைப் பெண்களே கட்டிக்கிட்டாங்களாம். கேள்வி கேட்ட அந்த அம்மாதான் வேலையை முன்னாடி நின்னு நடத்தினது. "இப்போ தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டேன். "டீயே ரெண்டு வேளை குடிக்கிறோம் சார்"னு சிரிச்சாங்க. ஒரு காட்டில் நடந்ததை வெச்சு மலையே மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துக் காட்டில் பழைய நிலைமைதான்.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். இதைத்தானே முதல்ல கேட்டீங்க.

முட்டைக்கோஸ் தாராளமாச் சாப்பிடலாம். மேல் இலை ரெண்டு மூணை உரிச்சுப் போடுங்க. மீதியை ஓடுற குழாய்த் தண்ணியில் இலை இலையாக் கழுவி, நல்லா வேகவைங்க. வெந்த முட்டைக்கோஸில் நாடாப்புழு முட்டை உயிரோட இருக்காது. கேரட்டைத் தேய்ச்சுக் கழுவி, தோலைச் சீவிட்டுப் பச்சையாச் சாப்பிடுங்க. கழுவியதுன்னு பளபளப்பா விற்கிற கேரட்டையும் வீட்டில் ஒரு தடவை கழுவுங்க, ஏன்னு மேலே சொல்லிட்டேன். கொத்தமல்லி, புதினா, பச்சைச் சட்னிக்குப் போற எல்லாத்துக்கும் இதே கவனம். சாலட்டை வெளியில் சாப்பிடறதைக் குறைச்சுக்கோங்க, குறிப்பா கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும். பன்றிக் கறி சாப்பிடறவங்க நல்லா வேகவெச்சுச் சாப்பிடுங்க. சமையல் பண்றவங்களுக்கு மலத்தில் ரிப்பன் துண்டு மாதிரி வெள்ளையா ஏதாவது போனால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்க, மருந்து இருக்கு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமக் கொடுங்க.

முதல் தடவை வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுத்துட்டு உட்காராதீங்க. ஸ்கேன் எடுக்க வேண்டியது அவசியம். புழுக்கட்டின்னு வந்தால் பயந்து அழவும் வேண்டாம், பெரும்பாலும் மருந்தில் கட்டுப்படற நோய்தான் இது. ஆனா புழு மருந்தைக் கடையில் நீங்களே வாங்கிப் போடாதீங்க. மூளையில் கட்டி இருக்கும்போது டாக்டர் மேற்பார்வை இல்லாமல் அந்த மருந்து எடுத்தால் வீக்கம் வந்து ஆபத்தாகலாம்.

கொடைக்கானல் பக்கம், ஊட்டிப் பக்கம் காய்கறிக் காடு வெச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சால், உங்க காட்டில் டிரம்மும் மறைப்பும் இருக்கான்னு கீழே எழுதுங்க. கட்ட எவ்வளவு செலவாச்சு, குழி எவ்வளவு ஆழம், ஓடையில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளித் தோண்டினீங்கன்னும் சொல்லுங்க. மழைக்காலத்தில் அந்தக் குழி ஓடையில் கலக்காமல் இருக்கணும், அதில்தான் எனக்கு இன்னும் சரியான வழி கிடைக்கலை.